கூடு பாயும் உலாவி

மாடு மேய்த்த மூலனின் உடலில் புகுந்த யோகியைத் தன் கணவன் என்றே நம்பினாள் மூலனின் மனைவி. திருமூலர் எனப்பட்ட அந்த யோகியோ விலகிப் போனார். பெரியபுராணம் சொல்லும் கதை இது.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களில் சிலரும் ஃபயர்பாக்ஸ் உலாவியைக் கூடு பாய வைக்கிறார்கள். புத்தகக்குறி, வரலாறு, கடவுச்சொல் எல்லாம் ஒரே கோப்புறையில். இரண்டு இயங்குதளமும் அதையே திறக்கின்றன. உலாவி என்பது நிரலா, நினைவா?

நினைவுதான் என்றிருப்பார் தத்துவவாதி ஜான் லாக். இளவரசனின் நினைவு செருப்புத் தைப்பவனின் உடலில் புகுந்தால், ஊர் என்ன சொன்னாலும் ஆள் இளவரசனே என்று 1694-இல் எழுதியவர் அவர்.

ஃபயர்பாக்ஸோ உடலையும் பார்க்கிறது! கடைசியாகத் திறந்த இயங்குதளத்தைச் சிறு கோப்பொன்றில் குறித்துக்கொள்கிறது. புதிய பதிப்பு தொட்ட கோப்புறையைப் பழைய பதிப்பு ஏற்க மறுக்கும். எனவே இரு பக்கமும் ஒரே பதிப்பு இருக்கட்டும். ஒரு நகலும் எடுத்து வையுங்கள்.