தூர்ந்துபோன துரவும் சபை வேனும்



ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஈசாக்கு கேராரின் பள்ளத்தாக்கிலே கூடாரம் போட்டான். அவனுடைய தகப்பன் காலத்தில் வெட்டின துரவுகள் அங்கேதான் இருந்தன. ஆனால் ஆபிரகாம் மரித்த பிறகு பெலிஸ்தர் அவைகளை மண்ணால் தூர்த்துப் போட்டார்கள். தண்ணீர் வற்றிப் போனதா? இல்லை. தண்ணீர் கீழேதான் இருந்தது. மேலே வருகிற வழிதான் அடைபட்டுக் கிடந்தது. பஞ்ச காலம்தான், எகிப்துக்குப் போயிருக்கலாம். கர்த்தரோ போகாதே என்று தடுத்திருந்தார். ஈசாக்கு என்ன செய்தான்? இருந்த இடத்திலேயே மண்ணை அள்ளினான்.

இந்த மாதம் இதை ஏன் எடுத்தேன் தெரியுமா? சபை வேனின் முன் கண்ணாடிக்காக. சிரிக்காதீங்க. கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற அந்தச் சின்ன வாஷர் அநேக பழைய வேன்களில் வேலை செய்கிறதே இல்லை. 1984-இல் வந்து 2019-இல் தயாரிப்பு நின்றுபோன மாருதி ஆம்னிகள் இன்னும் ஊழியத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்ஜினைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம், பக்கவாட்டில் வசனம் எழுதி வைக்கிறோம். வாஷர் ஸ்விட்சை அமுக்கினால் தண்ணீர் வருகிறதா என்று கடைசியாக யார் பார்த்தது?

முழு இரவு ஜெபம் முடிந்து திரும்புகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியில் தூசியும் பூச்சியும் ஒட்டியிருக்கும். இருட்டில் அது தெரியாது, எல்லாம் சுத்தமாக இருக்கிற மாதிரியே தோன்றும். எதிரே ஒரு லாரி பெரிய லைட்டைப் போட்டுக்கொண்டு வரட்டும், அந்த அழுக்கு முழுவதும் ஒளியைச் சிதறடித்து, கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டின மாதிரி ஆகிவிடும். காலை வெயில் நேருக்கு நேர் அடிக்கும்போதும் இதே கதைதான். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். மூன்று விநாடி கண் கட்டினால் 50 மீட்டர்! அந்த 50 மீட்டருக்குள் லைட் இல்லாத சைக்கிளில் ஒரு பால்காரர் வரலாம்.

பெத்சாயிதாவின் குருடனுக்கு முதல் தரம் கண் திறந்தபோது, எது மனுஷன் எது மரம் என்று அவனுக்குத் தெளியவில்லை. ஆண்டவர் அத்தோடு விட்டுவிட்டாரா? மறுபடியும் அவன்மேல் கை வைத்தார். அரைகுறைப் பார்வையோடு அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. நாமோ வேன் நிறைய ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி, அரைகுறைக் கண்ணாடியோடு அனுப்பி வைக்கிறோம்.

“வைப்பர்தான் ஓடுகிறதே, பிரதர்” என்று சிலர் சொல்கிறார்கள். வைப்பர் நல்ல கருவிதான். அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்கிற சகோதரி 1903-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பனியில் ட்ராம் ஓட்டுகிறவர் படுகிற பாட்டைப் பார்த்து அந்த யோசனை பிறந்ததாம். ஆனால் மழையில்லாத நாளில் தண்ணீர் இல்லாமல் அதைப் போட்டால் என்ன ஆகும்? மணலை வைத்துக் கண்ணாடியைத் தேய்க்கிற மாதிரிதான். வில் போல வளைந்து வளைந்து கீறல் விழும். எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் கீறல் போகாது. பழைய லாரி டிரைவர்கள் மழையில் கண்ணாடி தெரிய வேண்டும் என்று புகையிலையைத் தேய்ப்பார்கள். விசுவாசிகளுக்கு அந்த வழியும் அடைத்தாயிற்று!

சரி, எங்கே அடைப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அநேகர் எடுத்த எடுப்பில் “மோட்டார் போச்சு” என்று தீர்ப்புச் சொல்லி, புது மோட்டாருக்குக் காணிக்கை கேட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீங்க. முதலில் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். அதுவே இல்லாமல் பாதிப் பேர் ஸ்விட்சை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் நல்ல மோட்டாரும் சூடாகிக் கெட்டுப்போகும், தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது.

தண்ணீர் இருக்கிறது என்றால், இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து, ஒருவர் உள்ளே இருந்து ஸ்விட்சை அமுக்கட்டும். இன்னொருவர் டேங்க் பக்கம் காதை வைத்துக் கேட்கட்டும். “ங்ங்” என்று சத்தம் வருகிறதா? அப்படியானால் மோட்டார் உயிரோடு இருக்கிறது, ஸ்தோத்திரம்! கரண்ட் வருகிறது, மோட்டார் சுற்றுகிறது, தண்ணீருக்குத்தான் வழி இல்லை. ஈசாக்கின் துரவு இதுதான்.

இனி மண் அள்ளுகிற வேலை. நாசிலுக்குக் கீழே டியூபைக் கழற்றிவிட்டு ஸ்விட்சை அமுக்குங்கள். டியூபில் தண்ணீர் பாய்ந்து வந்தால் நாசிலில்தான் அடைப்பு. போர் தண்ணீரின் உப்பு அந்த ஊசிமுனைத் துவாரத்தில் படிந்து இறுகிவிடும், பாலிஷ் போடும்போது மெழுகும் போய் அடைக்கும். வெளியிலிருந்து ஊசியைக் குத்தித் தள்ளினால் அழுக்கு உள்ளேதான் போகும், நாளைக்கு மறுபடியும் வந்து அடைக்கும். நாசிலைக் கழற்றி, கொஞ்ச நேரம் வினிகரில் ஊறப்போட்டு, டியூப் மாட்டுகிற பக்கத்திலிருந்து ஊதுங்கள். வந்த வழியாகவே அழுக்கு வெளியே போகட்டும்.

இரண்டு நாசிலில் ஒன்று பீய்ச்சுகிறது, ஒன்று பீய்ச்சவில்லையா? அப்போது மோட்டாரைத் தொடவே வேண்டாம். டியூப் இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு அப்புறம்தான் கோளாறு. அமுக்கி ரொம்ப நேரம் கழித்துத்தான் தண்ணீர் வருகிறதா? டியூபில் எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கிற சின்ன வால்வு கெட்டிருக்கிறது. வால்வை மாற்றும்போது அதன்மேல் இருக்கிற அம்புக்குறி நாசில் பக்கம் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் டியூபின் முனை காய்ந்து வெடித்திருக்கும். அந்த முனையை அரை அங்குலம் வெட்டிவிட்டு, வெந்நீரில் நனைத்து மாட்டினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

டியூபைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால் டேங்கைக் கழற்ற வேண்டியதுதான். உள்ளே பார்த்தால் அருவருப்பாக இருக்கும்! வருஷக்கணக்கில் நின்ற தண்ணீர், பச்சைப் பாசி, அடியில் சேறு. மோட்டார் ஒரு ரப்பர் வளையத்தில் செருகியிருக்கும், ஆட்டி ஆட்டி இழுத்தால் வந்துவிடும். அநேக வண்டிகளில் அது தண்ணீரை உறிஞ்சுகிற வாயில் சின்ன வலை உண்டு. பாசி அதில் போர்த்தின மாதிரி ஒட்டியிருக்கும். நன்றாகக் கழுவுங்கள். நின்ற தண்ணீரைச் சாதாரணமாக எண்ணாதீங்க. வாஷர் டேங்கில் மருந்து கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றுவதற்கும் லீஜியனேர்ஸ் என்கிற நிமோனியா காய்ச்சலுக்கும் தொடர்பு இருப்பதாக 2010-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு சொன்னது.

சத்தமே வரவில்லையா? பியூஸைப் பாருங்கள். அடுத்து மோட்டாரின் கனெக்டர். பச்சை பூத்திருந்தால் சுரண்டி மாட்டுங்கள். பிறகு கனெக்டரில் டெஸ்ட் லைட்டை வைத்து ஸ்விட்சை அமுக்கச் சொல்லுங்கள். லைட் எரிந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால், அப்போதுதான் மோட்டார் போச்சு என்று சொல்லலாம். எரியவில்லை என்றால் ஒயரிலோ எர்த்திலோ ஸ்விட்சிலோ கோளாறு, ஒரு எலக்ட்ரீஷியன் சகோதரனைக் கூப்பிடுங்கள். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துப் பார்க்கிற வேலை கேஸ் கிட் போட்ட வேனில் வேண்டவே வேண்டாம், ஒரு பொறி போதும்.

பழைய போக்ஸ்வாகன் பீட்டில் காரைப் பற்றி ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். 1960-களில் அதன் வாஷருக்கு மோட்டார் கிடையாது. ஸ்டெப்னி டயரில் இருக்கிற காற்றுதான் தண்ணீரைத் தள்ளும்! தள்ளித் தள்ளி ஸ்டெப்னி வெறுமையாகிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வால்வு வைத்திருந்தார்கள். ஓர் அளவுக்குக் கீழே காற்று இறங்கினால் வாஷர் நின்றுவிடும். வழியில் டயர் பஞ்சரானால் ஸ்டெப்னி ஓடவேண்டுமே! நம்முடைய வேனில் அந்தக் கவலை இல்லை, ஒரு சின்ன மோட்டாரைக் கவனித்துக்கொண்டால் போதும்.

வேலை முடிந்ததும் டேங்கில் மறுபடியும் போர் தண்ணீரையே ஊற்றிவிடாதீங்க. குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு தண்ணீரோ எடுத்து, கடையில் விற்கிற வாஷர் திரவத்தைச் சொன்ன அளவு கலந்து ஊற்றுங்கள். துணி சோப்புத் தூள் வேண்டாம், அது கண்ணாடியில் படலம் கட்டும். மண்ணெண்ணெயும் வேண்டாம், வைப்பர் ரப்பர் கெட்டுப்போகும். நாசிலின் குண்டு திரும்புகிற மாதிரி இருந்தால் ஊசியை வைத்து மெதுவாகத் திருப்பி, வைப்பர் துடைக்கிற பாகத்தின் நடுவுக்குச் சற்று மேலே தண்ணீர் விழும்படி வையுங்கள். வண்டி வேகமாகப் போகும்போது காற்று அதைக் கீழே அடித்துவிடும். பிறகு டேங்கின் மூடியை இறுக்கி மூடுங்கள். மூடி தொலைந்த டேங்கில் கொசு வந்து குடியேறிவிடும்.