புண் ஆறாததற்கு விதியா காரணம்?

சர்க்கரை நோயாளியின் காலில் ஒரு புண். மஞ்சள் வைத்தார்கள். காப்பித்தூள் அப்பினார்கள். மந்திரித்துத் திருநீறு போட்டார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். பார்க்க வந்த உறவுகள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான்: "எல்லாம் தலையெழுத்து." அந்தப் புண் எப்படி வந்தது, ஏன் ஆறவில்லை என்று யாராவது ஒருவர் கேட்டாரா?

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் ஏறியே இருந்தால் பாதத்து நரம்புகள் கெட்டு, கால் மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது, செருப்பு வார் அறுத்தாலும் தெரியாது. வலி இல்லாததால் அதே புண்ணை ஊன்றி ஊன்றி நடப்பார்கள். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சதை எப்படிக் கூடும்? இந்தக் கணக்கில் விதிக்கு எங்கே இடம்?

இதே கேள்விக்கு விடை கிடைத்த ஊர் நம் வேலூர். தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன, அது பாவத்தின் சம்பளம் என்று உலகமே நம்பியது. 1946-இல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். சதை தானாக அழுகவில்லை. உணர்ச்சி செத்த கால், அடிபடுவது தெரியாமலே சிதைகிறது என்று காட்டினார். மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுத்தபோது புண்கள் குறைந்தன. அவர் ஆழ்ந்த கிறித்தவர். ஆனாலும் காரணத்தைப் பாவத்தில் தேடவில்லை, பாதத்தில் தேடினார். உங்கள் நம்பிக்கை எதுவாகவும் இருக்கட்டும். அந்த நேர்மை உங்களுக்கு உண்டா?

இன்று அறிவியல் இன்னும் ஒரு படி போய்விட்டது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வே காவ் குழுவினர் செய்திருக்கும் கட்டு, புண்ணில் கசியும் நீரை மயிரிழை போன்ற குழாய்களால் உறிஞ்சி எடுக்கிறது. அதில் நைட்ரிக் ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் எவ்வளவு என்று உணரிகள் அளக்கின்றன. சீழ் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே கட்டு சொல்லிவிட முடியும். அந்த ஒருவருடைய புண் ஆற எத்தனை நாளாகும் என்று கணினி கணிக்கிறது. 2025-இல் நோயாளிகளிடம் செய்த சோதனையையும் வெளியிட்டுவிட்டார்கள். அதற்கு முன் 2023-இல் எலிகளிடம் சோதித்த கட்டு, மருந்தைக் கசியவிட்டு, மெல்லிய மின்சாரம் பாய்ச்சிச் சதை வளரவும் தூண்டியது.

இதன் பொருள் என்ன? புண் படிக்கக் கூடியது. படிக்கக் கூடியதைப் படிக்காமல் விட்டால் அது அறியாமை என்ற மன்னிப்பை இழந்து குற்றமாகிறது.

இன்னொரு பொய்யையும் இந்த அறிவியல் உடைக்கிறது. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மாட்டிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்து, தீக்காயத்தின் மேல் போர்த்தும் மெல்லிய படலமாக்கும் ஆராய்ச்சி அங்கே நடந்திருக்கிறது. செத்த மாட்டின் தோலை உரித்தவனைத் தொடக்கூடாது என்று ஊருக்கு வெளியே நிறுத்தினோமே, அதே மாட்டின் புரதம் எந்தச் சாதிக்காரன் புண்ணிலும் ஒட்டுகிறது. உடம்புக்குத் தெரியாத தீட்டை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

இப்போது நேராகவே கேட்கிறேன். கால் மரத்துப்போன அப்பாவைச் சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் கோயில் கல்தரையைச் சுற்றவைப்பது பக்தியா? பாதம் வெந்து கொப்பளிப்பது அவருக்கே தெரியாதே! சொன்னால் மனம் புண்படுகிறது என்பீர்கள். புண்படுவது அவருடைய கால்.

மின்னணுக் கட்டு வந்தால், பணம் உள்ளவனுக்கு முதலில் வரும். ஆளுக்கேற்ற மருத்துவம் என்பது ஆளின் சட்டைப்பைக்கு ஏற்ற மருத்துவமாகிவிட விடலாமா? ஆராய்ச்சிக்கு வரிப்பணம் போகிறது என்றால், கண்டுபிடிப்பு ஆரம்ப சுகாதார நிலையம் வரை வரவேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

அதுவரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை இருக்கிறது. அதைப் பாதத்தில் சில இடங்களில் வைத்து, கண்ணை மூடியிருப்பவரிடம் "தெரியுதா?" என்று கேட்டால் போதும், ஆபத்து எங்கே என்று சில நிமிடங்களில் விளங்கிவிடும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாங்கி வைத்துக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். காலையும் காட்டுங்கள், பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரி அம்மாவின் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கில் சின்ன வெடிப்பு இருந்தாலும் மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

காக்கக்கூடிய ஒரு கால் இனி வெட்டப்பட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வானத்தில் இல்லை. வீட்டிலும் மருத்துவமனையிலும் சட்டமன்றத்திலும் இருக்கிற நாம்தான்.