துளையும் துருவும்

தான் செய்த காரியத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் ஒருவன் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டுமா? கேள்வி பழையது. கடவுள் பார்க்கிறார் என்று பெரியவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. கடவுளைச் சாட்சிக்கு இழுக்காமலே வழக்கைத் தீர்க்க முடியுமா என்று பார்க்கிறேன். அதற்கு என்னிடம் இருப்பது, மோட்டார்க் கார் ஒன்றின் கதவில் போட்ட ஓட்டை. சிரிக்க வேண்டாம்.

காரைக்குடியில் ஒரு டிங்கர் பட்டறையில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காரின் தகடு நாம் நினைப்பதுபோல் கனமானதல்ல. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. சாதாரண துளைப்பான் அதை மறுபுறம் கிழித்துக்கொண்டு போகும் நொடியில் தகட்டைக் கவ்விக்கொள்ளும். வட்டமாக வர வேண்டிய ஓட்டை மூன்று மூலையாக வந்து நிற்கும். ஆகவே அந்தத் தொழிலாளி சென்டர் பஞ்சைத் தட்டி முதலில் ஒரு புள்ளி வைத்தார். பின்னால் மரக்கட்டையை அண்டக் கொடுத்தார். ஒரு சின்னத் துளை. பிறகு கோபுரம்போல் படிப்படியாகப் பருத்துப் போகிற துளைப்பான். வேண்டிய அளவு வந்ததும் நிறுத்தினார். இன்னும் பெரிய துளை என்றால், ஒரு பக்கம் வெட்டும் அச்சு, மறுபக்கம் கிண்ணம், நடுவில் ஒரு போல்ட். அதை முறுக்க முறுக்கத் தகடு வட்டமாக வெட்டுப்பட்டு விழும்.

ஓட்டை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அதற்கப்புறம் அவர் செய்ததுதான் என்னை அங்கேயே நிற்க வைத்தது. இருபுறமும் அரத்தால் பிசிறை எடுத்தார். கதவுக்குள் உதிர்ந்த இரும்புத் தூளைக் காந்தத்தால் பொறுக்கினார். விளிம்பைத் துடைத்துப் பிரைமர் தடவி, காயும் மட்டும் காத்திருந்து, பெயிண்ட் தொட்டு வைத்து, ரப்பர் வளையத்தை மாட்டினார். வளையம் ஏறியதும் அந்த விளிம்பு மறைந்துபோயிற்று. காரின் சொந்தக்காரருக்குக்கூட அது இனித் தெரியாது.

"ஓட்டை யார் வேணாலும் போடுவாங்க ஐயா. ஓரத்தை மூடணும். இல்லேன்னா ரெண்டு மழை போதும்" என்றார்.

இது அலங்காரப் பேச்சல்ல. வெளியே தெரிகிற இரும்பு, ஈரமும் பிராணவாயுவும் கிடைத்த மாத்திரத்தில் சின்ன பாட்டரிபோல் நடந்துகொள்கிறது. துரு பெயிண்டுக்கு அடியிலேயே ஊரும். மேலே கொப்புளம் கிளம்பும்போது உள்ளே தகடு போயிருக்கும். உலோகங்களின் இந்த அரிப்பை ஆராய்கிற ஸ்தாபனம் அதே ஊரில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பட்டறைக்காரர் அதன் வாசலைத் தாண்டியிருப்பாரோ என்னவோ, பாடம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கார் வைத்திருப்பவர் நாலு வருஷத்தில் விற்றுவிடுவார். துருப் பிடித்தால் அவருக்கென்ன?" என்றார். கெட்டிக்காரத்தனமான கேள்வி, ஆனால் அதிலேயே பதிலும் இருக்கிறது. விற்றால் வாங்குகிறவன் ஒருவன் உண்டே! அவன் புதுக் கார் வாங்க வக்கில்லாதவன். கடன் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறவனாகவும் இருக்கலாம். இந்தப் பேரத்தில் அவன் கலந்துகொள்ளவே இல்லை. துளை போட்டவரையும் அறியான். நஷ்டம் மட்டும் அவனுக்கு. அந்த விளிம்பு மறைந்திருக்கிறது என்பதே பிசகு. அது தாமதமாகத் தெரியப் போகிறது, வேறொருவனுக்கு. மறுநாள் பழைய இரும்புக் கடைக்குப் போகிற வண்டிக்கும் பிரைமர் தடவு என்று நான் சொல்லமாட்டேன். அங்கே அது வெறும் சடங்கு.

ஆனால் குற்றக் கூண்டில் தொழிலாளியை மட்டும் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. அன்று கார்க்காரர், "ஒரு ஓட்டைக்கா இவ்வளவு?" என்று கேட்டுக் குறைத்துத்தான் கொடுத்தார். அவர் பேரம் பேசியது ஐந்து நிமிஷத்துக்கு. மிச்ச நேரத்தை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இப்படி நாலு பேர் குறைத்தால் தொழிலாளி எதைக் குறைப்பார்? ஓட்டையைக் குறைக்க முடியாது.

செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்த்து, 'அந்தக் காலத்து நேர்மை' என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்க்கிறேன். நேர்மை இருந்திருக்கலாம். பூசிக் காயவிட்டு, மறுபடி பூசி இழைக்க அந்தக் கொத்தனாருக்கு நாட்களும் இருந்தன. அந்த நாட்களுக்கு வீட்டுக்காரர் கூலி கொடுத்திருக்கிறார்.