எந்த ராத்திரியைப் பார்ப்பது?

"கிரேட்ஃபுல் டெட், கிரேட்ஃபுல் டெட்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்க. ஒரே ஒரு கான்சர்ட் படம் சொல்லுடா. பாக்கறேன். பிடிச்சா மேல பாக்கறேன், இல்லாட்டி இந்தப் பேச்சையே விட்ரு" என்றான் நண்பன்.

நியாயமான கேள்விதான். ஒரு நாவலாசிரியரைப் பற்றிக் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஒரு தலைப்பைச் சொல்லியிருப்பேன். இங்கே வாய் வரவில்லை. மூன்று நாள் கழித்து நாலைந்து படங்களை வரிசைப்படுத்தி அனுப்பினேன். அனுப்பிய கையோடு அதில் ஏதோ பொய் இருக்கிறது என்று உறுத்த ஆரம்பித்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கலிஃபோர்னியாவில் 1965-இல் தொடங்கிய குழு. கிடாரும் குரலுமாக ஜெர்ரி கார்சியா 1995-இல் இறக்கும்வரை, 30 ஆண்டுகளில் 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். ஒரு ராத்திரி வாசித்ததை மறு ராத்திரி அப்படியே வாசிக்கமாட்டார்கள். அதே பாட்டு ஒருநாள் எட்டு நிமிடம், இன்னொரு நாள் அரைமணி நேரம். எங்கே போகிறோம் என்று தெரியாமல் கூட்டத்துக்கு முன்னால் தேடுவதுதான் அவர்களுடைய முறை. தேடினால் சில நாள் கிடைக்கும், பல நாள் கிடைக்காது. கிடைக்காத ராத்திரிகளுக்கும் சேர்த்துத்தான் ரசிகர்கள் டிக்கெட் வாங்கினார்கள். இப்படிப்பட்ட ஒரு குழுவிடம் போய் 'பெஸ்ட்' எது என்று கேட்டால் என்ன கேட்கிறோம்? தேடலை விட்டுவிட்டு, கிடைத்ததை மட்டும் கொடு என்கிறோம்.

என் பட்டியலில் முதலில் இருந்தது 'தி கிரேட்ஃபுல் டெட் மூவி'. 1974 அக்டோபர் 16 முதல் 20 வரை, சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் ஐந்து ராத்திரிகள் எடுத்தது. அதற்குப் பிறகு கச்சேரிகளை நிறுத்திவைப்பதாக முடிவுசெய்திருந்தார்கள், திரும்ப வருவார்களா என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. பின்னால் 'வால் ஆஃப் சவுண்ட்' நிற்கிறது, 600-க்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்களை அடுக்கிய சுவர். அந்தச் சுவரை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்த செலவும் அலுப்பும் அவர்கள் ஓய்வு கேட்டதற்கு ஒரு காரணம். கார்சியாவே எடிட்டிங்கில் உட்கார்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டினார். படம் 1977 ஜூனில் வந்தது.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது இசை வரும் இடம் இல்லை. படம் எடுப்பதால் தன் ராத்திரி கெட்டுப்போகிறது என்று ஒரு ரசிகன் எரிச்சல்படுகிறானே, அந்த இடம். இத்தனை நாள் படச்சுருளில் இருந்து இரண்டு மணிநேரச் சொச்சத்துக்குச் சுருக்கியவர்கள் அவனை வெட்டவில்லை. முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் வழக்கு என்மேல்தான்.

அவன் காசு கொடுத்து வந்திருக்கிறான். ஒருவேளை கடைசியாக இருக்கலாம் என்ற பயத்தோடு வந்திருக்கிறான். அவன் கண்ணுக்கு நேரே விளக்கும் கேமராவும். யாருக்காக? எனக்காக. அப்போது பிறந்துகூட இருக்காத, எங்கேயோ ஒரு அறையில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்காக. அவனிடமிருந்து எடுத்த கொஞ்சம் ராத்திரிதான் எனக்குக் கிடைத்திருப்பது. பதிவுசெய்வது என்றாலே இப்படித்தான், இருப்பவனிடமிருந்து கொஞ்சம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பது. இல்லாதவர்களின் எண்ணிக்கை எப்போதும் அதிகம் என்பதால் கணக்கு நம் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கணக்கு சரி என்பதாலேயே அது நியாயமாகிவிடுமா? அவனைப் படத்துக்குள்ளேயே வைத்தது ஒரு நேர்மை. ஆனால் அவன் இழந்ததை அது திருப்பிக் கொடுக்கவில்லை.

(கச்சேரியில் போனைத் தூக்கிப் பிடிக்கும் நமக்கு இந்தச் சாக்குகூடக் கிடையாது. போன வருடம் நான் எடுத்த பதினொரு வீடியோக்களை இதுவரை யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட. பின்னால் நின்றவருக்கு மறைத்ததுதான் மிச்சம்.)

இந்தச் சிக்கலுக்கு ஒரு நடைமுறைத் தீர்வை அந்தக் குழுவே கண்டுபிடித்தது. ரசிகர்கள் மைக்கும் டேப் ரெக்கார்டருமாக வந்து பதிவுசெய்வதை அவர்கள் தடுக்கவில்லை. கூட்டம் பெருகி, மைக் கம்பங்கள் மற்றவர்களுக்கு மறைக்க ஆரம்பித்ததும் 1984 அக்டோபரில் பதிவுசெய்கிறவர்களுக்கென்று அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள். ஒரே நிபந்தனை, விற்கக் கூடாது, கைமாற்றிக் கொள்ளலாம். டேப்புகள் தபாலில் ஊர் ஊராகப் போயின. நல்ல ராத்திரியும் மோசமான ராத்திரியும் ஒரே மாதிரி கேசட்டில்தான் போயின. அதில் தேர்வுக்குழு கிடையாது. படம் அப்படியில்லை. படத்துக்குக் காசு வேண்டும், காசு போட்டால் யாராவது தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அடுத்து, 'சன்ஷைன் டேட்ரீம்'. 1972 ஆகஸ்ட் 27, ஓரிகான் மாநிலத்தில் வெனீட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு திறந்தவெளி. எழுத்தாளர் கென் கீசியின் தம்பி குடும்பம் நடத்திவந்த பால் பண்ணைக் கடை பண நெருக்கடியில் இருந்தது. அதைக் காப்பாற்ற நடந்த கச்சேரி. டிக்கெட்டையே அந்தக் கடையின் தயிர் லேபிளில் அச்சடித்தார்கள். அன்று வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. தண்ணீர் பற்றவில்லை. வெயிலில் கிடார் கம்பிகள் சுருதி விலகிக்கொண்டே இருக்க, அவர்கள் நிறுத்தி நிறுத்தி மீட்டிக்கொண்டே இருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு ஆள் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் கம்பத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு தலையாட்டிக்கொண்டே இருக்கிறான். ஃபிரேமுக்கு ஃபிரேம் வருகிறான். எந்த எடிட்டராக இருந்தாலும் அவனைத் தவிர்க்க வழியே இல்லை.

படமாகவும் இது முறையாக வெளிவரவில்லை. மங்கிப்போன பிரதிகள் பல வருடம் கைமாறிக்கொண்டிருந்தன, அதிகாரபூர்வமாக வந்தது 2013-இல்தான். ஆனாலும் ரசிகர்களில் பெரும்பாலோரிடம் கேட்டால் முதல் மூன்று இடத்துக்குள் இதைச் சொல்வார்கள். சுருதி விலகிய கச்சேரி எப்படி மிகச் சிறந்ததாகும்? வெயில் தாங்காமல் கருவியே கையை விட்டு நழுவும்போது அவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு கூர்ந்து கேட்கிறார்கள் என்று பார்த்தால் புரியும். அன்றைய 'டார்க் ஸ்டார்' அரைமணி நேரத்தைத் தொடுகிறது, நடுவில் சில நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அந்தச் சில நிமிடத்தை வெட்டினால் அப்புறம் வருவதற்கு அர்த்தமே இல்லை.

இதற்கு நேர் எதிர் வுட்ஸ்டாக். 1969 ஆகஸ்டில், மழையில் நனைந்த மேடையில், கிடாரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் நிலையில் வாசித்தார்கள். மோசமாக வாசித்தோம் என்று அவர்களே பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள். அந்தப் புகழ்பெற்ற படத்தில் அவர்கள் வாசித்தது இல்லை. ரொம்ப நாள் எனக்கு இதில் ஒரு கோபம் இருந்தது. தோல்வியும் சேர்ந்ததுதான் எங்கள் இசை என்று வாழ்ந்தவர்களின் தோல்வி மட்டும் ஏன் திரையில் இருக்கக் கூடாது? இப்போது அந்தக் கோபம் பாதிதான் மிச்சம். தன் முகத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பதில் கலைஞனுக்கு உரிமை உண்டு. ஆனால் காட்டிய முகத்தை மட்டும் பார்த்துவிட்டு இதுதான் அவர்கள் என்று நான் நண்பனிடம் சொன்னால், அது நான் சொல்லும் பொய்.

பட்டியலில் நான் சேர்க்காமல் விட்ட ஒன்று உண்டு. சேர்க்காததற்குக் காரணத்தையும் அவனிடம் சொல்லவில்லை.

1986-இல் கார்சியா நீரிழிவால் கோமாவுக்குப் போய்த் திரும்பினார், கிடாரைக் கிட்டத்தட்ட முதலில் இருந்து கற்றுக்கொண்டார். 1989 ஜூலை 4-இல் பஃபலோவில் எடுத்த படத்தைப் பார்த்தால் அந்த மனிதர் சிரிப்பதைப் பார்ப்பதற்கே போகலாம். அந்தப் படம் என் பட்டியலில் இருந்தது. இல்லாதது 1995 ஜூலை 9, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட். அவர்களுடைய கடைசிக் கச்சேரி. சரியாக ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 9-இல், போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை மையம் ஒன்றில் கார்சியா இறந்தார். வயது 53. பார்த்தால் எழுபதைத் தாண்டியவர் மாதிரி இருப்பார்.

அன்று அவர் 'ஸோ மெனி ரோட்ஸ்' பாடும் வீடியோ ரசிகர்களிடம் கைமாறிவருவது. தலை முழுக்க வெள்ளை. குரல் உடைகிறது. கடைசியில் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பிடித்து இழுக்கிறார், தொண்டையில் இல்லாததை எங்கிருந்தோ எடுத்துப் பாடுகிறார். ஒரே ராத்திரியில் நான்கு தடவை பார்த்தேன், நான்கு தடவையும் அழுதேன். ஐந்தாவது தடவை போடப் போகும்போது கை நின்றுவிட்டது. நான் என்ன பண்ணிட்டிருக்கேன்? ஒரு மனுஷன் உடைவதைத் திரும்ப ஓட்டி ஓட்டி ரசிக்கிறேன். 'பெஸ்ட்' என்று என் மனது அதற்கு மார்க்கும் போட்டுவிட்டது. ஒரு மாதத்தில் செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தப் பாட்டை இவ்வளவு உயர்த்துவது பாதி அவர் குரல், மீதி எனக்குத் தெரிந்த அந்தத் தேதி.

அமீர் பார்-லெவ் 2017-இல் எடுத்த 'லாங் ஸ்ட்ரேஞ்ச் ட்ரிப்' என்ற நீண்ட ஆவணப்படம் இந்த இடத்தைத் தொடுகிறது. குழு பெரிதாகிப் பெரிதாகி, அத்தனை பேரின் பிழைப்பும் லட்சக்கணக்கானவர்களின் கொண்டாட்டமும் ஒரு நோயாளியின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நிறுத்தினால் எல்லாரும் நிற்க வேண்டும். அதனால் நிற்கவில்லை. அரங்கில் இருந்தவர்கள் டிக்கெட் வாங்கி அந்த வண்டியை ஓட்டினார்கள் என்று சொல்வது சுலபம். நான் காசே கொடுக்காமல் அதே வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறேன்.

அப்போ பார்க்கவே கூடாதா? அப்படியும் எனக்குச் சொல்ல வரவில்லை. நலமாக இருந்த ராத்திரிகளை மட்டும் வைத்துக்கொண்டு இதை ஒளித்துவைப்பது, உடம்பு சரியில்லாத பெரியவரைக் கல்யாண வீட்டு ஆல்பத்தில் இருந்து எடுத்துவிடுகிற மாதிரி. அவர் அன்றும் பாடத்தான் வந்தார். ஒரு தடவை பார்ப்பதற்கும் ஐந்து தடவை பார்ப்பதற்கும் நடுவில் எங்கேயோ ஒரு கோடு இருக்கிறது. என் கோடு நான்காவதைத் தாண்டி விழுந்தது. அதற்கு முன்னாலேயே விழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நண்பனுக்குப் பட்டியலை மறந்துவிடு என்று எழுதினேன். வெனீட்டா படத்தை மட்டும் போடு, ஓட்டாமல் பார், போரடிச்சாலும் ஓட்டாதே, கம்பத்துக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொள், முடித்த பிறகு பேசுவோம். சோல்ஜர் ஃபீல்ட் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவனே ஒருநாள் அங்கே வந்து சேர்வான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"டேய், இவனுங்க இன்னும் சுருதிதான் சேத்துட்டிருக்கானுங்களா, இல்ல பாட்டு ஆரம்பிச்சிருச்சா?"

"எந்த இடத்துல இருக்க?"

சொன்னான். எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. நானும் இங்கே படத்தைப் போட்டேன்.