அறுபது சென்டிமீட்டர்

கடல் மட்டத்திலிருந்து அலையின் முகடு எவ்வளவு உயரம்? அதுதான் 'வீச்சு'. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வீச்சு சின்னதாக இருந்தால் அலை சாதுதானே என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

2004 டிசம்பர் 26 அன்று, நாகப்பட்டினத்தை அழித்த அதே சுனாமியை ஜேசன்-1 செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்தது. உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். அவ்வளவுதான்! மேலே கப்பலில் போனவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. நகர்ந்தது மேல்தண்ணீர் மட்டுமல்ல. அடிவரை மொத்தக் கடலும். கரையோரம் ஆழம் குறையக் குறைய, வேகம் தணிந்து அலை எழும்பியது.

வீட்டில் ஒருவர் உடைந்துபோன பிறகு, "அவன் ஒண்ணுமே சொல்லலையே, எனக்கெப்படித் தெரியும்?" என்கிறோமே, அது நியாயமா? கப்பல்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். கூடவே சாப்பிட்டு, கூடவே டி.வி. பார்த்தவர் சொல்லலாமா? எனக்குச் சந்தேகம்தான்.

2007-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையத்துக்குத் தகவல் அனுப்பும் கருவிகளில் சில, கடலின் தரையிலேயே உட்கார்ந்து, மேலிருக்கும் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கின்றன.