பிணியும் குடியுரிமையும்

நோயுற்ற ஒருவனுக்குச் சிகிச்சை பெறும் உரிமை எதனடியாகப் பிறக்கின்றது? அவன் துன்புறுகிறான் என்பதனாலா, அந்நாட்டின் குடிமகன் என்பதனாலா, அன்றி உரிய பணத்தைச் செலுத்தினான் என்பதனாலா? சொந்த நாட்டில் வாழ்வோனிடத்து இம்மூன்றும் பெரும்பாலும் இணைந்தே காணப்படுதலின் வினா எழுவதில்லை. பிறநாட்டிற் சென்று வாழ்வோனிடத்தேதான் அவை பிரிந்து நிற்கின்றன.

தனியார் காப்புறுதியின் விடை எளிது. அது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்திற்கு முன்பே உடலிற் குடிகொண்ட நோயைப் பல காப்புறுதிகள் ஏற்பதில்லை. மிகவும் தேவையுடையோனுக்கே பாதுகாப்பு அரிதாகும் இம்முரணுக்காக வணிகத்தை நோவதிற் பயனில்லை. அது தன் இயல்பின்படியே நடக்கின்றது.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையோ தேவையையே அடிப்படையாகக் கொண்டு 1948 யூலை 5இல் ஆரம்பமாயிற்று. அதனை நிறுவிய அமைச்சர் அனூரின் பெவன், வெளிநாட்டாரை விலக்குதல் தகாதென வாதிட்டார். அந்நியரைப் பிரித்தறிய முற்படின் சொந்தக் குடிமக்களும் தம் அடையாளத்தை எங்கும் நிறுவ வேண்டிவரும் என்பது அவர் காட்டிய நியாயங்களுள் ஒன்று. ஆயினும் 1982இல் வெளிநாட்டு வருகையாளரிடம் வைத்தியசாலைக் கட்டணம் அறவிடும் முறை வந்தது. 2015இல், நீண்டகாலம் தங்க வருவோர் விசா விண்ணப்பத்துடனேயே செலுத்தவேண்டிய சுகாதார மேலதிகக் கட்டணம் ஆண்டுக்கு 200 பவுணாக விதிக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் அது வளர்ந்தோர்க்கு 1,035 பவுணாகவும் சிறுவர்க்கும் மாணவர்க்கும் 776 பவுணாகவும் உயர்ந்தது. அவ்வீதப்படி கணவன், மனைவி, இரு பிள்ளைகள் கொண்ட குடும்பம் ஐந்தாண்டு விசாவுக்கு 18,110 பவுண் முற்பணமாகக் கட்டவேண்டும். பின்னர் தொழில் புரியுங்கால் ஏனையோர்போல் வரியும் செலுத்தவேண்டும்.

இக்கட்டணம் முன்னைய நோயை வினவுவதில்லை. அவ்வகையில் காப்புறுதியிலும் மேலானதே. பல தலைமுறையினர் வரிப்பணத்தால் எழுப்பிய நிலையத்துள் நேற்று வந்தவன் நுழையும்போது பங்கு கேட்டல் நியாயம் என்ற வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் கணக்கென்று வந்தபின் அதனை முழுமையாகப் பார்த்தல் வேண்டும். குடிபெயர்வோன் பெரும்பாலும் உழைக்கும் வயதிலேயே வருகிறான். அவனை வளர்த்துப் படிப்பித்த செலவு வேறொரு நாட்டினுடையது. இலங்கையின் இலவசக் கல்வியாற் பயின்று பிரித்தானிய வைத்தியசாலைகளிற் பணிபுரியும் வைத்தியர்கள் இதற்குச் சான்று. அவர்களின் பயிற்சிக்கு இந்நாட்டு விவசாயியும் தோட்டத் தொழிலாளியும் செலுத்திய பணம் எந்த ஏட்டிலும் வரவு வைக்கப்படவில்லை.

2020இல், பெருந்தொற்றின்போது, சுகாதார ஊழியர் இக்கட்டணத்தினின்றும் விலக்கப்பட்டனர். நன்றே, ஆயின் அதே காலத்திற் பேருந்து ஓட்டியும் கடைகளில் உணவு விற்றும் நாட்டை இயக்கிய ஏனைய குடிபெயர்ந்தோர்க்கு அவ்விலக்குக் கிட்டவில்லை. தேவை, குடிமை, பணம் என்பவற்றோடு சேவை என்னும் நான்காம் அளவுகோலும் அங்கு நுழைந்தது. அதுவும் எல்லோருடைய சேவையையும் அளக்கவில்லை.

இங்கிலாந்தில் காசநோய்ச் சிகிச்சைக்கு எவரிடமும் கட்டணம் அறவிடுவதில்லை. உரிமையற்ற வருகையாளன் இருதய சத்திரசிகிச்சை பெற்றால் பணம் செலுத்தவேண்டும். இரண்டும் உயிரைக் கொள்ளும் நோய்களே. இருதய நோய் அயலவனைத் தொற்றுவதில்லை என்பதே வேறுபாடு. காசநோயாளிக்கு இலவச மருந்தைப் பெற்றுத்தருவது அவனது துன்பம் மட்டுமன்று, அவனருகில் இருப்போரின் அச்சமுமாகும்.