மன்னிக்கும் உரிமை யாருக்கு?

சென்ற தவணையில் எனது வகுப்பு மாணவன் ஒருவன் மற்றொருவனை அடித்து அவனது கண்ணாடியை உடைத்துவிட்டான். அடித்தவன் அழுதான். அவனது வாப்பா வந்து கெஞ்சினார். கண்ணாடிக்கான காசையும் கொடுத்தார். நானும் மனமிரங்கி, "சரி, இந்தமுறை மன்னிச்சிட்டன்" என்று விடயத்தை முடித்துக்கொண்டேன். பாடசாலை விட்டதும் அடிபட்டவன் வந்து கேட்டான்:

"சேர், அடி எனக்குத்தானே பட்டிச்சி. நீங்க எப்பிடி மன்னிச்சீங்க?"

இருபது வருடமாகக் கற்பிக்கும் எனக்குப் பதில் வரவில்லை. ஜனாதிபதியின் பொதுமன்னிப்பைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரை, நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்ட எவருக்கும் மன்னிப்பளிக்கவும் தண்டனையைக் குறைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுக்கின்றது. நம்மில் பலர் இதனை அந்தக்கால அரசர்களின் வரம் போன்றதென்றே எண்ணியிருக்கிறோம். ஆனால் அதே உறுப்புரையில் ஒரு நிபந்தனையும் உண்டு. மரண தண்டனைக் கைதியாயின், வழக்கை விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை பெறவேண்டும். அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குச் சென்று, நீதியமைச்சரின் சிபாரிசோடு ஜனாதிபதியிடம் வரவேண்டும்.

இந்த நிபந்தனை வெறும் எழுத்தல்ல என்பதை 2024இல் கண்டோம். பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர 2011இல் கொல்லப்பட்ட வழக்கில் துமிந்த சில்வாவுக்கு 2016இல் மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2018இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2021 பொசன் தினத்தன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை மன்னித்து விடுவித்தார். கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2024 ஜனவரியில் அம்மன்னிப்பு செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. காரணம் காட்டாத எதேச்சையான முடிவு அது என்றது நீதிமன்றம். ரோயல் பார்க் கொலைவழக்கின் குற்றவாளிக்கு 2019 நவம்பரில், பதவி முடியும் நாட்களில், மைத்திரிபால சிறிசேன வழங்கிய மன்னிப்பும் 2024 ஜூனில் இரத்தானது. ஆனால் அவரோ அதற்கு முன்பே நாட்டைவிட்டுப் போய்விட்டார்!

இத்தீர்ப்புகளில் எனக்கு மகிழ்ச்சியே. எனினும் ஒரு குறை நெஞ்சில் நிற்கின்றது. நீதிபதி, சட்டமா அதிபர், அமைச்சர் என்று சொல்லும் அந்த நிபந்தனையில், இழந்தவர்களின் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இல்லை. அந்த மனைவியும் மகளும், சட்டத்தின்முன் சமத்துவம் என்ற அடிப்படை உரிமையைப் பற்றிக்கொண்டே உள்ளே வரவேண்டியிருந்தது.

நமது மார்க்கச் சட்டத்தில் கொலைக்கு மன்னிப்பளிக்கும் உரிமை முதலில் வாரிசுகளுடையது. மனிதருக்கிழைத்த அநீதியை அம்மனிதர் பொறுத்தாக வேண்டும் என்பதைக் குர்ஆன் மதரசாவிலேயே கற்றிருக்கிறோம். ஆனால் அதனை நாமே மறந்த சந்தர்ப்பமும் உண்டு. நீதிமன்றத்தை அவமதித்ததற்காகச் சிறையிலிருந்த ஞானசார தேரர் 2019 மே மாதத்தில் மன்னிக்கப்பட்டபோது நாம் கொதித்தோம். அவர் நம்மைப் பற்றிப் பேசியவற்றுக்காகவே கொதித்தோம். அந்த வழக்குக்குக் காரணமான சம்பவத்தில் அச்சுறுத்தப்பட்டவர், காணாமலாக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொடவின் மனைவி சந்தியா. அவரை எத்தனை பேர் நினைத்தோம்? நான் நினைக்கவில்லை.

மன்னிப்பே வேண்டாம் என்பது எனது வாதமல்ல. நீதிமன்றங்களும் தவறக்கூடும். சிறைக்குள்ளே திருந்தியவர்களும் இருக்கிறார்கள். இந்நாட்டில் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படாததற்கும் இந்த அதிகாரமே துணைநிற்கிறது. ஆனால் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பது வேறு, வாசற்கதவைத் திறந்துவிடுவது வேறு. 2000ஆம் ஆண்டு மிருசுவிலில், தம் வீடுகளைப் பார்க்கத் திரும்பிய எட்டுப்பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் சிறுபிள்ளைகளும் இருந்தனர். தண்டனை வர 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. 2020 மார்ச்சில் தண்டனை பெற்ற அந்த ஒரே இராணுவ வீரர் மன்னிக்கப்பட்டபோது கொரோனா ஊரடங்கு. அந்தக் குடும்பங்கள் வெளியே வந்து அழக்கூட வழியில்லாத நாட்கள் அவை.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து, "நான் ஒன்னக் கேட்டிருக்கணும், பிழைதான். இப்ப கேக்கிறன், அவன மன்னிக்கிறியா?" என்றேன். சற்றுநேரம் நின்றான்.

"யோசிச்சிச் சொல்றன் சேர்" என்றான்.

இன்னும் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.